ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி பூஜை அறையில் இருந்தது: வேலூரிலிருந்து ஆம்பூருக்கு 54 கிலோமீட்டர்

ஆம்பூர் என்றதும் பிரியாணிக் கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரியாணி உண்டு, ஆனால் மத்தியானம்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு டயர் கழற்ற வேண்டியிருக்கிறது.

இந்தப் பயணம் ஆயுத பூஜை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை நடந்தது. என் மனைவி மஞ்சுளாவுக்கு அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. வேலூர் சென்டர் கேட்டோம், ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஒன்பது ஒன்றுக்குப் போய் அழுதாலும் திறக்க மாட்டார்கள். அவளுக்கு இது மூன்றாவது முயற்சி. போன முறை நாலு மார்க்கில் போனது. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "போதும் மஞ்சு, விட்டுடேன்" என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து படிக்க உட்கார்ந்தவள் அவள். அதிலிருந்து இந்தத் தேர்வு விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. வண்டி ஓட்டுவதோடு சரி.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டிலிருந்து 6.40க்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலை காலியாக இருந்தது. 25 கிலோமீட்டர் தாண்டி பள்ளிகொண்டாவில் 7.15க்கு ஓர் ஓட்டலில் நிறுத்தினேன். எனக்கு நாலு இட்லி, ஒரு வடை. அவளுக்கு அரை டம்ளர் காபி மட்டும். மொத்தம் 95 ரூபாய். "சீக்கிரம் வாங்க" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். "இன்னும் முப்பது கிலோமீட்டர்கூட இல்ல, இன்னாத்துக்கு பறக்கற?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கினேன். இருபது நிமிஷம் அங்கேயே போனது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாதனூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், 38வது கிலோமீட்டரில், பின்னாலிருந்து தடதடவென்று சத்தம். ஸ்டீயரிங் இடது பக்கமாக இழுத்தது. மணி 7.50. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போக விடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன், நாலு விளக்கும் சிமிட்டும் பட்டனை அழுத்தி, இடது ஓரம் வந்தேன். ஓரத்தில் மண் சரிவு. பக்கத்திலேயே லாரிகள் சர்சர்ரென்று போகின்றன. அங்கே ஜாக்கி வைத்தால் வண்டி சாயும், நானும் சாய்வேன். "டயர் கெட்டுப்போயிடுங்க!" என்று மஞ்சு கத்தக் கத்த, நடக்கிற வேகத்தில் முந்நூறு மீட்டர் உருட்டி, சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பூட்டிய ஷெட் ஒன்றின் முன்னால் கெட்டியான சமதரையில் நிறுத்தினேன். டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பின்பக்க இடது டயர் தட்டையாகக் கிடந்தது. ஹேண்ட்பிரேக், முதல் கியர், சாவியைக் கையில் எடுத்தாயிற்று. மஞ்சுவை ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். சிவப்பு முக்கோணத்தை ஐம்பது அடி எண்ணி நடந்து பின்னால் வைத்தேன். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்தேன். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட. டிக்கியைத் திறந்து, அட்டையைத் தூக்கினேன். ஸ்டெப்னி இருந்தது. ஜாக்கியும் ஸ்பானரும் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள சுத்தியல், கத்திரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றோடும் ஜாக்கியையும் வீல் ஸ்பானரையும் எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியது நான்தான். மறுநாள் மற்றதெல்லாம் அதனதன் இடத்துக்குப் போனது. இவை இரண்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டன. முக்கோணம் மட்டும் தப்பித்தது, அதை ஆயுதமாக நான் கருதவில்லை போலிருக்கிறது.

"இன்னாங்க, தேடறீங்க?"

"ஜாக்கி... பூஜை ரூம்ல இருக்குது மஞ்சு."

மஞ்சு வந்து காலிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். "சாமிக்கு எதுக்குங்க ஜாக்கி? சாமி வண்டியா பஞ்சர் ஆச்சு?"

சிரிப்பு வந்தது, ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. இன்சூரன்ஸ் உதவி எண்ணுக்குப் போன் செய்தால், ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கை காட்டிய பஸ் நிற்கவில்லை. பைக்கில் வந்த இருவர் நின்று, வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். மணி 8.10.

அப்போதுதான் அந்தச் சின்ன வேன் வந்தது. அந்தப் பக்கத்தில் காலையில் எந்த ரோட்டில் நின்றாலும் இப்படி வேன்களைப் பார்க்கலாம், ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிகளுக்குப் போகும். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், பெயர் சலீம். தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், பேஜாரா?"

விஷயத்தைச் சொன்னேன். இறங்கி வந்து, தன் ஸ்பானரை என் வண்டி நட்டில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஜாக்கியும் சரிப்பட்டது. "நானே மாட்டிக் குடுப்பேன் சார். ஆனா எட்டரைக்கு இவங்க பஞ்ச் வெக்கணும். லேட்டானா அரை நாள் சம்பளம் புடிச்சிடுவாங்க."

உள்ளே ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மஞ்சுவைப் பார்த்து, "எக்ஸாமா அக்கா? நீ இன்னாத்துக்கு இவரோட நிக்கற? ஏறு, நாங்க இட்டுனு போறோம்" என்றாள். மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். எட்டுப் பேர் வண்டியில் ஒன்பதாவதாக மஞ்சு ஏறினாள். பெல்ட் போட்டு ஒழுங்காகப் போகச் சொல்லும் கட்டுரையில் இதை எழுதக் கூடாதுதான். ஆனால் நடந்தது அதுதான்.

முன்பின் தெரியாத என்னிடம் ஜாக்கியையும் ஸ்பானரையும் விட்டுவிட்டு, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு, 8.14க்கு சலீம் பாய் கிளம்பினார். அப்பாடா என்று இருந்தது. கை துடைக்கத் துணி எடுக்கலாம் என்று பின் கதவைத் திறந்தேன். சீட்டில் மஞ்சுவின் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஹால் டிக்கெட், ஆதார், இரண்டு கறுப்புப் பேனா, ஹாலில் அனுமதி இல்லை என்பதால் அணைத்து வைத்த அவள் போன்.

சலீம் பாய்க்குப் போட்டேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத மனிதர். வேறு நாளாயிருந்தால் பாராட்டியிருப்பேன். ஹால் டிக்கெட்டை மறுபடி பிரிண்ட் எடுக்கலாமென்றால், அந்த நேரத்தில் எந்த பிரவுசிங் சென்டரும் திறந்திருக்காது. நான் போனால்தான் உண்டு. இன்னும் 16 கிலோமீட்டர்.

உட்கார்ந்தேன். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளை லேசாகத் தளர்த்த வேண்டும், சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் அது சுழலாது. மூன்று நட்டு பணிந்தது. நாலாவது அசையவில்லை. ஸ்பானர் மேல் காலை வைத்து உடம்பு முழுவதையும் கொடுத்தேன், 'கிரீச்' என்று விட்டது. தின்ற நாலு இட்லிக்கும் அங்கேதான் வேலை வந்தது. பிறகு கதவுக்குக் கீழே விளிம்பில் இருக்கும் வெட்டுக்கு நேராக ஜாக்கியை வைத்து, சுற்றிச் சுற்றித் தூக்கினேன். ஜாக்கி நழுவினாலும் வண்டி தரையில் உட்காராமலிருக்க, ஸ்டெப்னியைப் படுக்க வைத்து வண்டியின் அடியில் தள்ளினேன். கழற்றிய டயரை அடியில் கொடுத்து ஸ்டெப்னியை உருவிக்கொண்டேன். காலோ தலையோ வண்டிக்கு அடியில் போகவே கூடாது, எவ்வளவு அவசரமானாலும். ஸ்டெப்னியை மாட்டி, நாலு நட்டையும் கையால் திருகி, எதிரெதிராக லேசாக முடுக்கினேன். அடியிலிருந்த டயரை இழுத்துவிட்டு வண்டியை இறக்கினேன்.

மணி 8.31. சக்கரம் தரையில் நிற்கிறது. நட்டுகள் பார்க்க இறுகியிருக்கின்றன. போதும் கிளம்பு என்று மனசு சொன்னது. பொய் சொல்ல மாட்டேன், ஸ்பானரைத் தூக்கி டிக்கியில் போட்டே விட்டேன். அப்போது போன் அடித்தது. சலீம் பாய், பெண்களை கம்பெனியில் இறக்கிவிட்டு அழைத்தார். மஞ்சுவிடம் கொடுத்தார்.

"ஃபைல் வண்டியில இருக்குது மஞ்சு, இதோ கிளம்பிட்டேன்..."

"தெரியும். நட்டு நல்லா டைட் பண்ணீங்களா?"

டிக்கியில் கிடந்த ஸ்பானரைத் திரும்பிப் பார்த்தேன்.

"பண்ணிட்டு வாங்க. நீங்க வந்து சேர்ந்தாதான் டிக்கெட் வந்து சேரும்."

ஸ்பானரைத் திரும்ப எடுத்தேன். ஒரு நட்டு, அதற்கு எதிர் நட்டு, என்று நாலையும் பாதி உடம்பு எடை கொடுத்து முடுக்கினேன். முதல் நட்டு முக்கால் சுற்று சுற்றியது. முக்கால் சுற்று! அதோடு எண்பதில் போயிருப்பேன்.

முக்கோணத்தை எடுத்துக்கொண்டு 8.36க்குக் கிளம்பினேன். ஸ்டெப்னியில் காற்று கம்மியாகத் தெரிந்ததால் அறுபதுக்கு மேல் போகவில்லை. ஒரு டிராக்டரைத் தவிர, லாரி, பஸ் என்று எல்லாரும் என்னை முந்திப் போனார்கள். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அவள் தேர்வு எழுத வேண்டும் என்று அவளைவிட நான் அதிகமாக ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். விட்டுடேன் என்று சொன்ன அதே வாய்தான்.

8.55க்குப் பள்ளிக்கூட கேட். காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம் சலீம் பாய் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார், மஞ்சு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக ஃபைலைப் பிடுங்கினாள். "கையக் கழுவுங்க" என்றாள். ஓடிவிட்டாள். ஒன்பதுக்கு கேட் மூடியது. நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

சலீம் பாய் தன் ஜாக்கியையும் ஸ்பானரையும் வாங்கிக்கொண்டார், பணம் வாங்க மறுத்தார், டீ மட்டும் குடித்தார். பூஜைக் கதையைச் சொன்னதும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "எங்க கம்பெனிலயும் எல்லா வண்டிக்கும் பூஜை போட்டாங்க சார். நான் பொரிய வாங்கிக்கினு, ஜாக்கிய கையோட உள்ள வெச்சிட்டேன்."

பிறகு பஞ்சர் கடை. இரண்டு அங்குல ஆணி, 150 ரூபாய், இருபது நிமிஷம். ஸ்டெப்னியில் 33 இருக்க வேண்டிய காற்று 19தான் இருந்தது. அதற்கும் காற்றடித்துக் கொடுத்த கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பன்னிரண்டரைக்கு மஞ்சு வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்கப் பயமாக இருந்தது. அவளே, "பசிக்குது" என்றாள். மட்டன் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, இருவருக்கும் 480 ரூபாய். காலையில் அரை டம்ளர் காபியோடு இருந்தவள் என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டாள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கிளம்புவதற்கு முதல் நாள் டிக்கியைத் திறந்து ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி மூன்றையும் கண்ணால் பாருங்கள். மாதம் ஒருமுறை ஸ்டெப்னிக்கும் காற்று பிடியுங்கள். வீட்டு வாசலில், நிதானமாக இருக்கும் ஒரு நாளில், ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். நெடுஞ்சாலையில் வலது பக்க டயர் போய், ஒதுங்கவும் இடமில்லை என்றால், தயவு செய்து நீங்களே கழற்ற உட்காராதீர்கள், ஆட்களோடு தள்ளி நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு நேரமானாலும், வண்டியை இறக்கிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை முடுக்காமல் நகராதீர்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. மஞ்சுவின் நம்பர் இருந்தது. மூன்று முறை சரிபார்த்துவிட்டு, நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. அடுத்த மாதம் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு, காலை பத்து மணிக்கு. "வண்டிய சர்வீசுக்கு விட்டு ரெடி பண்ணிடறேன்" என்றேன்.

"நான் முந்தின நாளே ரயில்ல போறேன்" என்றாள் மஞ்சு. "நீங்க கார்ல நிதானமா வாங்க."