சட்டையைப் புதைக்கும் தீவில்

ஒப்பாரிப் பாடல்களின் பாடபேதங்களைத் தொகுப்பவன், பிறர் வீட்டு இழவுக்காகக் காத்திருப்பவன். ஒலிப்பதிவுக் கருவியோடு அலையும் அன்பர்களே, இந்தக் கூச்சம் உங்களுக்கும் புதிதன்று.

முதல் பயணம்

பழவேற்காட்டு ஏரியில் ஒரு தீவு. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே தனி இடுகாடு உண்டு. உடலுக்குப் பதிலாக, அவர்கள் உடுத்திய சட்டையைப் புதைப்பார்கள். அப்போது பாடும் ஒப்பாரியைக் கேட்கச் சென்றேன். பாடகி ராஜம்மாள் மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னேன்.

"எழவு இல்லாம ஒப்பாரி வெச்சா எழவு வந்துடும் சார். இன்னா, நீ ரெடியா கீறியா?"

தராத சட்டை

அவ்வாண்டே, அத்தீவிலிருந்து கடலுக்குப் போன மீனவர் முனுசாமி திரும்பவில்லை. சட்டையைப் புதைக்கும்வரை அந்த வீட்டுப் படகு கடலில் இறங்கக் கூடாது என்பது வழக்கம். தம்பி குமாருக்கு அந்தப் படகுதான் பிழைப்பு. மாதக்கணக்கில் கரையில் கிடந்தவன், அண்ணியிடம் சட்டையைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். அண்ணி தேசம்மாளின் பதில் மாறவே இல்லை.

"நாளிக்கே வந்து, என் சட்ட எங்கடின்னா நான் இன்னான்னு சொல்றது?"

புதைத்தது எது

நான் மறுபடி தீவுக்குப் போயிருந்த ஒருநாள், குமாரே சட்டையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்தான். அண்ணி மனமிரங்கிவிட்டதாக எல்லோரும் நம்பினோம். ராஜம்மாள் முனுசாமியின் பெயரைச் சொல்லிப் பாடினார், வேறெங்கும் கேட்டிராத பாடம். பதிவு செய்த மகிழ்ச்சியை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

மறுநாள் தேசம்மாள் கணவனின் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார். ஊர் கேட்டதும், புதைத்தது தன் சொந்தச் சட்டை என்று குமார் ஒப்புக்கொண்டான். அவனுடன் படகேற ஒருவரும் வரவில்லை. "உயிரோடதானடா கீறேன்" என்று கெஞ்சியவனிடம் கூட்டாளி ஒருவர் சொன்னார்:

"எங்களுக்குத் தெரியுதுடா. கடலம்மாவுக்கு யாரு சொல்றது?"

ஆலை வாசலில்

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றின் வாசலில், தேநீர்க் கடையில் குமாரைக் கண்டேன். கம்பெனிச் சீருடையில் இருந்தான். கடல் பக்கம் போவதே இல்லையாம். அந்தப் பதிவைக் கேட்க வேண்டும் என்றான். லாரி இரைச்சலில் கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு முழுவதும் கேட்டான், தேநீர் ஆறிப்போயிற்று.

"நல்லாத்தான் பாடிக்கீது சார். எங்கண்ணன் பேருக்குப் பதிலா என் பேரைப் போட்டுக்கோ."

புதைக்கப்பட்டவனே கேட்டுத் திருத்தம் சொன்ன ஒப்பாரி என் தொகுப்பில் இது ஒன்றுதான். அதைப் பாடபேதம் என்று அச்சிட எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.