மூன்றுக்கு இரண்டு

நடுவர் என் கையை நாலு முறை தூக்கியிருக்கிறார். நாலு முறையும் எதிரே ஆள் இல்லை.

குத்துச்சண்டையில், அதுவும் ஹெவிவெயிட்டில், அப்படித்தான். சின்ன எடைகளில் பையன்கள் கூட்டமாக வருவார்கள். எங்கள் எடையில் மூன்று பேர் வந்தால் பெரிது, அதிலும் ஒருத்தன் எடை பார்க்கிற அன்றே காணாமல் போவான். வந்தவன் கிளவுஸ் மாட்டிக்கொண்டு மேடையேற வேண்டும். மணி அடிக்கும். காலி மூலையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பிறகு நடுவர் கையைத் தூக்குவார், கீழே யாராவது சிரிப்பார்கள். அடுத்தது நேராக ஃபைனல். அதில் தோற்றாலும் வெள்ளி.

அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் கிளப். மாஸ்டர் என்னைச் சேர்த்ததே இதற்குத்தான். "இந்த வெயிட்டுக்கு நம்ம கிட்ட ஆளு இல்லடா. நீ போயி நின்னா போதும், கிளப்புக்குப் பாயிண்ட் வந்துடும்." நான் அப்போது வேலப்பன்சாவடியில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவனே நான்தான். எதையும் பாதியில் விடக்கூடாது என்று ஒரு பிடிவாதம்.

ஆள் இருந்த சண்டைகள் ஆறு. ஆறும் தோல்வி. முதல் சண்டையை நடுவரே நிறுத்திவிட்டார். இரண்டாவதில், போதும் நிறுத்துங்கள் என்று மாஸ்டர் துண்டை வீசினார். அடுத்ததில் மூக்கு உடைந்தது. மற்றதெல்லாம் பாயிண்டில் போனது, ஐந்து ஜட்ஜுகளும் ஒரே பேச்சாக எதிராளி பக்கம். அடியின் வலி ஒரு வாரத்தில் போய்விடும். முடிவு சொல்வதற்கு முன் நடுவர் இரண்டு பேர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த நேரம்தான் போகாது. பிடியிலேயே தெரிந்துவிடும். என் பக்கம் எப்போதும் தளர்வாக இருக்கும்.

இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, கொட்டகைக்கு வந்து, தொங்குகிற மணல் மூட்டையைக் குத்துவேன். ஒருநாள் மாஸ்டரிடம், "இத்தோட போதும் மாஸ்டர்" என்றேன்.

"இந்த ஒரு போட்டிக்கு மட்டும் நில்லுடா."

சரி என்றேன். எதிரே ஒரு ஆளை வைத்து, ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போட்டி ஆவடியில். அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர். லாரி கிளட்ச் போய் மெக்கானிக்கிடம் நின்றதால், கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் முதல்முறையாகப் பார்க்க வந்தார். எதிராளி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன், தெற்கத்திப் பேச்சு. எடை பார்க்கும்போது, "சாப்டாச்சாண்ணே?" என்று என்னிடம் கேட்டான்.

"இன்னா நைனா, அவன் உன்னவிட ஒல்லியா கீறான்?" என்றார் அப்பா.

"ஒல்லியா இருந்தா கை வேகமா வரும்ப்பா."

"அப்ப நீ மொதல்லயே அவன் கையப் புடிச்சிக்கோ."

"புடிக்கக் கூடாதுப்பா."

"இன்னா ஆட்டம்டா இது!"

முதல் ரவுண்டு அவனுடையது. இரண்டாவதில் என் இடது கை அவன் தாடையில் நேராக விழுந்தது. அவன் கால் ஆடியது. நடுவர் அவன் முன் நின்று எட்டு வரை எண்ணினார். இன்னொருவனுக்காக எண்ணுவதை நான் நின்றபடி கேட்டது அன்றுதான். ஜெயித்துவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

மூன்றாவது, கடைசி ரவுண்டில் கை மேலே வரவில்லை. முந்தின நாள் தூக்கிய பெட்டிகளெல்லாம் தோளிலேயே இருந்தன. அவனும் ஓய்ந்துபோயிருந்தான். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டோம். நடுவர் பிரித்துப் பிரித்து விட்டார்.

முடிவுக்கு நிற்கும்போது பிடி இரண்டு பக்கமும் ஒரே இறுக்கமாக இருந்தது. மைக்கில் சொன்னார்கள்: மூன்றுக்கு இரண்டு, நீல மூலை. நான் சிவப்பு.

கீழே இறங்கி உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் வந்தார்.

"அது இன்னாடா மூணுக்கு ரெண்டு?"

"அஞ்சு ஜட்ஜுப்பா. மூணு பேரு அவன்தான்னுட்டாங்க."

"மீதி ரெண்டு பேரு?"

"நான் ஜெயிச்சேன்னு போட்டிருக்காங்க."

அப்பா மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆரு அவங்க?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்கப்பா."

"கேட்டா சொல்றாங்க."

அன்றைக்குக் கடைசிச் சண்டை எங்களுடையது. ஜட்ஜுகள் ஐந்து பேரும் மேசையைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நேராக அங்கே போனார். "சார், எம் பையன் ஜெயிச்சான்னு சொன்ன ரெண்டு பேரு ஆரு சார்?"

"உங்கப்பாவக் கூட்டிக்கினு வாடா, மானம் போவுது" என்று மாஸ்டர் என்னைத் தள்ளினார். ஓடினேன்.

"அது சொல்லக் கூடாதுங்க பெரியவரே" என்றார் ஒரு ஜட்ஜ், சிரித்துக்கொண்டே.

"தப்பா கேக்கல சார். பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்னுதான்."

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கத்தான் போனேன். இழுக்கவில்லை. அவர் பின்னால் நின்று, அந்த ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.