நினைத்தால் நிற்கும் வேன்

தாய்லாந்தில், யசோத்தோன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் நூடுல்ஸ் கடை. அதை ஒட்டிய கொட்டகையில் லம்துவான் அக்கா வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு வாடிக்கையாளரிடமாவது இதமாகப் பேசி நான் கேட்டதில்லை. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, உன் புத்திதான் சார்ஜ் இல்லாம கிடக்கு" என்று கோழிப்பண்ணைக்காரரிடம் சொன்னாள். அவர் இப்போது வேறு கடைக்குப் போகிறார். அக்காவுக்கு அதில் வருத்தமே கிடையாது. எனக்குத்தான் தினம் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் நஷ்டம்.

அவள் வேலை செய்யும் விதமும் ஒரு தினுசு. விட்டு விட்டு வருகிற கோளாறு என்றால் வண்டியைப் பிரிக்கவே மாட்டாள். அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு தன் சொந்த வேலைகளைப் பார்ப்பாள். சந்தைக்குப் போவாள், புத்தர் கோயிலுக்குப் போவாள், வண்டிக்காரர் வீட்டுச் சண்டையைப் பின்சீட்டிலிருந்து கேட்பாள். "கோளாறு தானா வந்து நம்ம முன்னாடி நிக்கணும். தேடிப் போனா ஒளிஞ்சிக்கும்" என்பாள். வண்டிக்காரர்களுக்கு இது பிடிக்காது. பெட்ரோல் அவர்களுடையது.

தோங்பை என்கிறவன் அவளிடம் வந்தது மழைக்காலம் முடிந்த சமயம். பழைய வேன் ஒன்றை வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். சில நாள் காலையில் அந்த வேன் நடுரோட்டில் நின்றுவிடும். இரண்டு பக்கத்து விளக்கும் தானாக விட்டு விட்டு எரியும். மத்தியானம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். பார்த்த மெக்கானிக்குகள் ஆளுக்கொரு சாமானை மாற்றினார்கள். வேன் தன் குணத்தை மாற்றவில்லை.

எங்கள் பக்கத்தில் எந்த வண்டியானாலும் அதில் மே யா நாங் குடியிருப்பாள். வண்டிக்கு அவள்தான் காவல் அம்மன். பழைய சொந்தக்காரர் அவளிடம் முறையாகச் சொல்லிக்கொள்ளாமல் விற்றிருப்பார், அதனால் புது ஆளை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. தோங்பையும் நம்பினான். போன வருடம்தான் அவன் மனைவி அவனை விட்டுவிட்டு பாங்காக் போயிருந்தாள்.

"அவளுக்கும் என்னைப் பிடிக்கல, இவளுக்கும் பிடிக்கல" என்று நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னான். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மிளகாய் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொடுத்தேன்.

வேனில் பிள்ளையை அனுப்பும் அம்மாக்களில் சவீவன் என்பவள் வேறு கெடு வைத்துவிட்டாள். பெற்றோர்கள் எல்லாரும் அவள் சொன்னதைத்தான் கேட்பார்கள். "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா எல்லாப் பிள்ளைங்களையும் வேற வேனுக்கு மாத்திடுவோம் அண்ணே" என்றாள். பிள்ளைகள் போனால் தோங்பைக்கு அந்த வேன் வெறும் தகரம்.

அக்கா வேனில் ஏறினாள். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் அவளிடமிருந்து இரண்டு கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை பன்றிக்கறி வாங்க நானும் ஓசியில் ஏறியிருந்தேன். ஸ்டீயரிங்குக்கு மேலே அம்மனுக்கென்று வைத்த கொக்கியில் புது மல்லிகை மாலை தொங்கியது. பூக்காரி தெளித்த தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா, மாப்பிள்ளை மாலை மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

"போன தடவை போட்டதைவிடப் பெருசுக்கா. அவ கோவமும் கூடிக்கிட்டேதானே போகுது."

சந்தை வளைவில் வேன் நின்றது. விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. பிள்ளைகள் ஒரே குரலில் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த சவீவன் அதையும் கேட்டாள்.

அக்கா ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, விரலை மோந்து பார்த்தாள்.

"மாலை என்னைக்கெல்லாம் போடுவ?"

"அமாவாசை, பௌர்ணமி, ரெண்டு அஷ்டமி."

"நின்னது என்னைக்கெல்லாம்?"

"அது கிழமை கணக்கே இல்லக்கா. ஒரு வாரம் செவ்வாய்ல நிக்கும், அடுத்த வாரம்..." என்றவன் நிமிர்ந்து மாலையைப் பார்த்தான். அன்று அஷ்டமி.

பழைய சொந்தக்காரர் திருட்டுக்குப் பயந்து, எஞ்சினை நிறுத்தி விளக்குகளை மின்ன வைக்கிற ஒரு ரகசிய சுவிட்ச் வைத்திருந்திருக்கிறார். அதன் ஒயர் இணைப்பில் டேப் உரிந்து, செம்பு பச்சையாகிக் கிடந்தது. மாலையிலிருந்து சொட்டிய தண்ணீர் நேராக அதில்தான் இறங்கியது. அக்கா சுவிட்சையே வெட்டி எடுத்துவிட்டு, ஒயரைத் துடைத்து முறுக்கிச் சுற்றினாள்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அம்மனுக்குப் போட்ட பூதான் கோளாறு என்று அக்கா தன் வாயால் சொல்லிவிட்டால், அம்மனையே குறை சொன்ன இந்த வேனில் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

"என்ன ஆச்சு?" என்று சவீவன் கேட்டாள்.

"என்ன ஆகும்? காலங்காத்தால தலையில பச்சைத் தண்ணி ஊத்தினா நீ நடப்பியா? அவளும் நின்னுட்டா" என்றாள் அக்கா. தோங்பையிடம் திரும்பி, "மாலையை நல்லா உதறிட்டுப் போடு. பெருசா வேண்டாம்" என்றாள்.

சாவியைத் திருப்பினாள். வேன் உறுமிக் கிளம்பியது.

"அப்போ அவளுக்கு என் மேல கோவம் இல்லையாக்கா?"

"இல்லடா."

"பிடிக்காமலும் போகலையா?"

"நீ போட்ட மாலையை எல்லாம் வாங்கிக்கிட்டுத்தானேடா இருந்தா. ஒயர்தான் ஈரம்."

தோங்பை வேன் படியில் உட்கார்ந்து, முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு அழுதான். மனைவி போன அன்றுகூட அவன் அழுததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அக்கா டேப்பைத் திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நானும் அழுதேன். கறிக்கடையில் நல்ல துண்டெல்லாம் போயிருக்கும் என்ற கவலையும் உடன் இருந்தது.

சவீவன் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்த தன் கடைக்குட்டியைத் தூக்கி, தோங்பையின் தலைக்கு மேலாக வேனுக்குள் விட்டாள்.

"இவளும் இன்னையிலேர்ந்து பாலர் பள்ளிக்கு வர்றா. அழுது முடிச்சுட்டு எடுங்க அண்ணே, மணி அடிச்சுடப் போறாங்க."