பதின்மூன்று நிமிஷத் தண்ணீர்

எங்கள் செராமிக் கம்பெனிக்கு வெளியாள் யாராவது வந்தால் ஒன்று கோப்பை வாங்க வந்திருப்பார், இல்லை களிமண் விற்க வந்திருப்பார். அன்று வந்தவர், "மீட்டரு பாக்கத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டினார். சூளைக்குள் எத்தனை டிகிரி வெப்பம் என்று காட்டும் கருவிகளைப் பார்த்துக்கொள்வதுதான் பன்னிரண்டு வருஷமாக என் வேலை.

வந்தவர் மங்கலம்பேட்டைக்காரர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். வளைகுடா நாட்டில் ஒரு கால்பந்து மைதானத்தில் பதினெட்டு வருஷம் புல்லுக்குத் தண்ணீர் விட்டவர். திரும்பி வந்து, சேத்தியாத்தோப்பு போகிற வழியில் நிலம் குத்தகைக்கு எடுத்து அசல் புல்லில் ஒரு மைதானம் போட்டிருந்தார். எங்கள் பக்கம் டர்ஃப் என்றால் பச்சை பிளாஸ்டிக் விரிப்புதான். உயிருள்ள புல்லில் பந்து விளையாட விடுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

"அங்க எங்க கிரவுண்டுல ஒரு கம்பம் நின்னுச்சு மேடம். வெயிலு, காத்து, ஈரம், மழை எல்லாத்தையும் அளந்து, நேத்து புல்லு இவ்ளோ தண்ணிய இழந்திருக்குதுன்னு காலையில நம்பர் சொல்லும். அதப் பாத்து ஆபீசுல சொல்லுவாங்க, நாங்க வால்வத் தெறப்போம். அதுல ஒண்ணு நானும் வாங்கிட்டேன். பொட்டி வந்து பத்து நாளாவுது. பிரிக்கப் பயமா இருக்குது."

சொல்லிவிட்டு என்னை ஒரு முறை பார்த்துத் தயங்கினார். "ஏணி ஏறுவீங்களா?"

"சூளை மேலயே ஏறுறேன் பாய்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் மைதானத்தில் இருந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் சரியாக வரவில்லை. செங்கல் சுவருக்குள் அடைத்து வைத்த வெப்பத்தையே இத்தனை வருஷம் அளந்தவளுக்கு, திறந்த வெளியின் வெப்பத்தையும் காற்றையும் அளக்கப் போகிறோம் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

பெட்டியைப் பிரித்தோம். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பழைய போர்வையில் வைத்தேன். காற்றில் சுற்றும் மூன்று சிறு கிண்ணங்களும் காற்றின் திசை காட்டும் ஒரு வாலும் சேர்ந்த காற்றாடி. வெயிலைப் பார்க்கும் வெள்ளைக் கண் ஒன்று. வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் குச்சி, அதற்கு நிழல் தர இட்லித் தட்டுகளை அடுக்கியது போல ஒரு கூடு. மழைக்கு ஒரு புனல். அதற்குள் ஊஞ்சல் பலகை மாதிரி இரண்டு பக்கமும் சாயும் சின்னக் கரண்டி. கரண்டி ஒரு தடவை நிறைந்து சாய்ந்தால் ஒரு கணக்கு. விரலால் தட்டிப் பார்த்தேன். டக் என்றது. இன்னொரு தடவை தட்டினேன்.

"அத வெளையாட்டுச் சாமான் ஆக்கிடாதீங்கம்மா," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். மைதானத்துக்குப் பொறுப்பு அவர்தான். புல் வெட்டுவது, களை எடுப்பது, காலையில் மோட்டார் போட்டு வால்வு திறப்பது எல்லாம் அவர். அதற்கு முன் முப்பது வருஷம் நெல் வயலில் வேலை செய்தவர். பெர்முடா புல் என்று பாய் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, "இது நம்ம அருகம்புல்லு. வயல்ல இத புடுங்கிப் போடத்தான் எனக்குக் கூலி குடுத்தாங்க. இப்ப வளக்கச் சொல்லிக் குடுக்குறாங்க," என்றார். பாய் சிரித்துவிட்டார்.

கம்பத்தை எங்கே நடுவது என்பதை நான்தான் முடிவு செய்தேன். பந்து படக் கூடாது, மாடு உரசக் கூடாது, கரண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகையை ஒட்டிய சிமென்ட் தளம் கண்ணில் பட்டது. அதன் ஓரத்தில் குழி தோண்டி காங்கிரீட் போட்டுக் கம்பத்தை நிறுத்தினோம். காற்றாடியை நேர் வடக்குப் பார்த்து வைக்க வேண்டும். கைபேசித் திசைகாட்டி இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. அக்கா கையை நீட்டி, "இதான் வடக்கு," என்றார். இருபது அடி தள்ளிப் போய் வைத்துப் பார்த்தேன். அவர் காட்டியது சரிதான்.

மதியம் கைபேசித் திரையில் முதல் எண்கள் வந்தன. வெப்பம், ஈரப்பதம், காற்று. கிண்ணங்கள் சுற்றச் சுற்ற எண் மாறியது. பாய் கைபேசியைப் பிடித்துக்கொண்டு காற்றாடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பாய் போன் செய்தார். "எட்டு மில்லிமீட்டர் காட்டுது மேடம். நேத்து மட்டும் புல்லு எட்டு மில்லிமீட்டர் தண்ணிய வுட்டிருக்குது. நாப்பது நிமிஷம் ஓட்டுன்னு நான் சொன்னது சரிதான?"

அந்த நாற்பது நிமிஷம் வளைகுடாவிலிருந்து அவர் கையோடு கொண்டு வந்த கணக்கு. அங்கே மணல். இங்கே கோப்பை செய்கிற களிமண். புதன்கிழமையும் எட்டுக்கு மேல் காட்டியது. அன்றைக்கு அக்காவே என்னைப் போனில் கூப்பிட்டார்.

"உங்க மிஷினு பொய் சொல்லுதும்மா."

"எப்பிடிச் சொல்றீங்க அக்கா?"

"காலு பொதையுது. கோலு கம்பத்துக்கிட்ட புல்லு மஞ்சளா அழுவுது. தண்ணி அதிகமாயிருக்குதுன்னு நானும் ஆறு மாசமா சொல்றேன். பாயி கேக்க மாட்றாரு. இப்ப உங்க மிஷினும் அவரு பக்கம் சேந்துகிச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. கருவி எப்படித் தவறாகச் சொல்லும்? எல்லா இணைப்பும் நான் கொடுத்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும், கம்பெனியிலிருந்து ஒரு பாதரச வெப்பமானியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அக்கா என்னைக் கம்பத்தடியில் நிற்க வைத்தார். "செருப்ப கழட்டிட்டு நில்லுங்க."

ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை. சிமென்ட் தளம் காலைச் சுட்டது. கொட்டகையின் தகரம் முகத்தில் அனல் அடித்தது. அங்கிருந்து இருபத்தைந்து அடி தள்ளிப் புல்லில் நின்றால் அப்படி ஒன்றும் இல்லை. வெப்பமானியைக் குடை நிழலில் பிடித்து முதலில் அங்கே பார்த்தேன், பிறகு இங்கே பார்த்தேன். நான்கு டிகிரி வித்தியாசம். கருவி பொய் சொல்லவில்லை. புல்லின் வெப்பத்தை அளக்க வேண்டியதை நான் தகரத்தின் வெப்பத்தை அளக்க வைத்திருந்தேன். சூளையில் வெப்பம் அளக்கும் கம்பியை எந்த மூலையில் வைத்தால் எந்தக் கணக்கு வரும் என்று புது ஆட்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். காது மடல் வரைக்கும் சூடேறியது.

பாய் அன்று சாயங்காலம் வந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"காங்கிரீட் போட்டாச்சே மேடம்."

"உடைக்கணும் பாய். தப்பு என்னோடது. ஞாயித்துக்கெழமை நானே வந்து மாத்தி வெக்கிறேன்."

அவர் காங்கிரீட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப எட்டு இல்லியா?" என்றார். இடிந்துபோன குரல் இல்லை அது. கிடைத்த ஆதரவு கையை விட்டுப் போகிறவரின் குரல். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் பாயே கடப்பாரையோடு காங்கிரீட்டைப் பாதி உடைத்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. மூன்று பேருமாகக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் கிழக்கு மூலைக்கு, புல்வெளிக்கே போனோம். சுற்றிலும் சுவரோ மரமோ தண்ணீர்த் தொட்டியோ எதுவும் கிடையாது. சுற்றிக் கம்பி வலை கட்டினார் பாய். கரண்டுக்குப் பதிலாகக் கம்பத்தின் மேலேயே ஒரு சின்ன சோலார் தகடு.

இன்னொரு வேலையும் மிச்சமிருந்தது. புல் எவ்வளவு இழந்தது என்று தெரிந்தால் போதாது, ஸ்பிரிங்ளர் எவ்வளவு கொடுக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதற்காகக் கம்பெனியில் கேட்டு நாற்பது காபி மக்குகளைச் சாக்கில் கட்டி எடுத்து வந்திருந்தேன். கைப்பிடி ஒட்டாமல் கழித்துப் போட்டவை. நேரான சுவர், எல்லாம் ஒரே அளவு. அவற்றைப் புல்லில் பதினைந்து அடிக்கு ஒன்றாக வரிசை வரிசையாக வைத்தோம். பச்சையில் நாற்பது வெள்ளைப் புள்ளிகள். ரோட்டில் போன டவுன் பஸ்ஸில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

அக்கா வால்வு திறந்தார். சரியாகப் பதினைந்து நிமிஷம். நிறுத்தியதும் நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மக்காக ஓடினேன். ஆறு மில்லிமீட்டர், ஆறு, ஆறரை, ஐந்தரை. மேற்கு ஓரத்தில் மட்டும் இரண்டு. அங்கே இரண்டு ஸ்பிரிங்ளர் வாயில் களிமண் அடைத்திருந்தது. ஊசியால் குத்தி எடுத்தார் அக்கா.

பதினைந்து நிமிஷத்துக்கு ஆறு என்றால் நாற்பது நிமிஷத்துக்குப் பதினாறு. பாய் மனசுக்குள் கணக்குப் போடுவது அவர் உதட்டில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை போனில் அவர் குரல் மெதுவாக வந்தது. "அஞ்சு புள்ளி ஒண்ணு."

"பதிமூணு நிமிஷம் போதும் பாய்."

"நாப்பது எங்க, பதிமூணு எங்க. புல்லு காஞ்சி போச்சின்னா? வர மாசம் பொம்பளப் புள்ளைங்க மேட்ச் வேற இருக்குது."

"ஒரு வாரம் பாருங்க. காஞ்சா நாப்பதுக்கே போயிடலாம்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "நான் பொறுப்பு பாயி. காஞ்சா என்னைக் கேளுங்க."

அந்த ஒரு வாரமும் வேலையில் என் மனசு நிற்கவே இல்லை. சூளையின் எண்களைக் குறித்துக்கொண்டே மைதானத்து எண்களைக் கைபேசியில் பார்ப்பேன். ஐந்து புள்ளி மூன்று. நாலு புள்ளி எட்டு. மேகம் போட்ட நாளில் மூன்று புள்ளி ஒன்பது. அன்று அக்கா பத்தே நிமிஷத்தில் வால்வை மூடிவிட்டார். வார முடிவில் போய்ப் பார்த்தபோது புல் காயவில்லை. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வெளுப்பு குறைந்திருந்தது. பாய் பந்தைத் தரையில் தட்டிப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. இதற்கு முன் அது சொத்தென்று ஈரத்தில் உட்காரும். திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அக்கா சொன்னப்பவே கேட்டிருக்கலாம்," என்றார் என்னிடம். அக்காவிடம் நேராகச் சொல்ல இன்னும் இரண்டு நாள் ஆனது அவருக்கு. ஆனால் சொன்னார். அக்காவே என்னிடம் போனில் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மழை வந்தது அதற்கு அடுத்த சனிக்கிழமை. ஆவணி மாதம், மூன்று மணிக்குப் புழுக்கம் தாங்கவில்லை. நட்டு போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அக்கா ஓடிப்போய் ஒரு மக்கைக் கம்பத்தடியில், திறந்த வெளியில் வைத்துவிட்டு வந்தார்.

"உங்க மிஷினு என்னா சொல்லுது, நம்ம மக்கு என்னா சொல்லுதுன்னு பாப்பம்."

கொட்டகை வாசலில் மூன்று பேரும் ஒடுங்கி நின்றோம். தகரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. நான் கைபேசியை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டேன். சுழியம் புள்ளி இரண்டு. சுழியம் புள்ளி நாலு. பிறகு ஒரேயடியாக மூன்று புள்ளி ஆறு. அவ்வளவு தூரத்தில், அந்தப் புனலுக்குள் சின்னக் கரண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வதை நினைக்க நினைக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. "ஒம்பது," என்று கத்தினேன். "பதினொண்ணு." பாயும் சேர்ந்து கத்தினார். அக்கா எங்கள் இருவரையும் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மழை விட்டதும் மூவரும் ஓடினோம். என் ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டுப் போனேன். கைபேசியில் இருபத்திரண்டு புள்ளி எட்டு. அக்கா மக்கைச் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். ஸ்கேலை உள்ளே விட்டேன். இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"இருபத்தி மூணு."

அக்கா ஸ்கேலைத் தானே வாங்கிப் பார்த்தார். எண்ணை விரலால் தடவினார். "இப்ப நம்புறேம்மா," என்றார். நல்ல மழை, லேசான மழை என்றே அதுவரை சொல்லி வந்தவர், தண்ணீர் சொட்டும் தலையோடு "இருபத்தி மூணு, இருபத்தி மூணு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் தெப்பலாக நனைந்திருந்தோம்.

அடுத்த நாலு நாள் மோட்டார் போடவே இல்லை. ஐந்தாம் நாள் காலை, ஷிப்டுக்குப் போகும் வழியில் மைதானத்தில் இறங்கினேன். அக்கா வேலியோரம் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்த விவசாயி. மழை பெய்த மறுநாளிலிருந்து தினமும் வந்து எண் கேட்கிறாராம்.

"இவங்கதான் அத நட்டவங்க," என்று அக்கா என்னைக் காட்டினார்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு கேட்டார். "எங்க கொல்லையில மல்லாட்ட போட்டிருக்கறேங்க. இந்தக் கம்பத்துக் கணக்கு மல்லாட்டைக்கும் ஒத்து வருங்களா?"

"அப்பிடியே வராதுங்க. பயிருக்குப் பயிர் கணக்கு மாறும். பாத்துச் சொல்றேன்."

"இப்ப பாக்கலாங்களா?"

மணி ஆறே முக்கால். ஏழுக்கு நான் சூளைக்கு முன்னால் நிற்க வேண்டும். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் தாமதம் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன். அக்கா கம்பியை மிதித்துப் பிடித்துக்கொள்ள, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வேலியைத் தாண்டினேன். மல்லாட்டைக் கொல்லை முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது.