ஏரிக் காற்று வீசும் மனை

இன்று காலை பேப்பருக்குள்ளிருந்து வழவழவென்று ஒரு விளம்பரத் தாள் நழுவி விழுந்தது. ஏரியைப் பார்த்தபடி அடுக்குமாடி வீடுகளாம். எடுத்து முகர்ந்து பார்த்தேன். மை வாசனையே இல்லை. "நோட்டீசை யாராவது மோந்து பாப்பாங்களா?" என்று மனைவி சிரித்தாள். நான் பார்ப்பேன். மையும் மண்ணெண்ணெயும் கலந்த அச்சாபீஸ் வாசனையில்தான் என் முதல் உத்தியோகம் நடந்தது.

எழுபதுகளின் தொடக்கம். ஆவடியில் ஒரு மனை வியாபாரியிடம் நோட்டீஸ் எழுதி, அச்சாபீசில் கொடுத்து அடித்து வாங்கி வரும் வேலை. என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று சேர்த்துக்கொண்டார். கையெழுத்துக்கும் அச்சுக்கும் என்ன சம்பந்தமென்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோவில்பதாகைப் பக்கம் ஏரியை ஒட்டினாற்போல் ஒரு நிலம் வாங்கிப் போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். அங்கிருந்த பனைமரத்தில் என் இடுப்புயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தது. 'ஏரியை அடுத்த மனைகள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இன்னாபா, ஏரின்னு பட்டுனு போட்டுகீற? படிச்சா எவன் வருவான்? கொஞ்சம் ருசியா எழுதுபா" என்றார் முதலாளி.

ருசிக்கு என்னிடம் பஞ்சமா? 'கோடையிலும் குளிர்ந்த ஏரிக் காற்று வீசும் மனைகள்' என்று மாற்றினேன். ஏரி அப்படியேதான் இருந்தது. பின்னால் கொஞ்சம் காற்றைச் சேர்த்தேன், அவ்வளவுதான். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர் ரோசம்மா. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்து சலித்துப்போனவர்கள். பத்திரம் பதியப் போகும் முன் நிலத்தை இன்னொரு தரம் பார்க்க வந்தபோது ரோசம்மா என்னைக் கேட்டார்.

"மய பெஞ்சா இங்க தண்ணி நிக்குமா சார்? நீங்கதான எழுதுனது, சொல்லுங்க."

நிற்கும் என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. முதலாளி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். "காத்து நல்லா வரும்மா" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். மனையை வாங்கி ஒரு ஓட்டு வீடும் கட்டிக் குடிவந்தார்கள்.

அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே எனக்கு அந்தப் பனைமரத்துக் கறைதான் ஞாபகம் வரும். பஸ்ஸில் யாராவது 'மழை வரும்போலிருக்கே' என்றால் அவரோடு சண்டைக்குப் போகலாமென்று தோன்றும். முதல் வருஷம் மழை பொய்த்தது. ஊரே வருந்தியபோது பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த ஒரே பாவி நானாகத்தான் இருப்பேன். மறு வருஷம் ஐப்பசியில் நாலு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் பயந்துகொண்டே போனேன். ஓட்டு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ரோசம்மா கட்டிலின்மேல் ஸ்டவ்வை ஏற்றிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். திட்டுவாரென்று காத்து நின்றேன். திட்டவில்லை.

"வாங்க சார். நீங்க எழுதினா ஜனம் வந்துடும். இந்த ஊட்ட விக்க ஒரு நோட்டீசு எழுதிக் குடுங்க."

செய்த பாவத்துக்கு இதுதான் பரிகாரம் என்று நினைத்தேன். அங்கேயே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'மழைக்காலத்தில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வரும்.' ரோசம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இப்பிடிக்கூட எழுதுவீங்களா சார்? அப்போ எங்களுக்கு ஏன் எழுதல?"

அந்த வீடு இப்போது இல்லை. லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள். முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோசம்மா குடும்பம் எங்கே போனதென்று அக்கம்பக்கத்தில் கேட்டால் யாராவது சொல்வார்கள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே.