கண்ணாடி ஓரத்துக்குக் கொஞ்சம் சூடு

ஆய்வுக்கூடத்தில் அவரைச் சுருளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல வருடம் இஸ்திரிப் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் பழுதுபார்த்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஹீட்டர் கம்பி சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

விண்வெளியில் எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதினால் கிளம்பும் ஈர்ப்பலையைப் பிடிக்கும் கூடம் அது. நீண்ட குழாய்களுக்குள் தொங்கும் கண்ணாடிகளுக்கிடையே லேசர் ஒளி போய்வரும். ஒளியைக் கூட்டினால் அலை தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தச் சூட்டில் கண்ணாடியின் நடுப்பகுதி கண்ணுக்கே தெரியாத அளவு உப்பிவிடும். ஒளி சிதறிப்போக அதுவே போதும். அதற்காக விளிம்பைச் சுற்றி, இரண்டு பாதியாக, ஒரு ஹீட்டர் வளையம். ஓரமும் சூடானால் கண்ணாடி பழைய வடிவத்துக்கு வரும்.

இந்த முறை வரவில்லை. ஒளி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. விஞ்ஞானிகள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கண்ணாடியையே மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். அதற்கு ஒரு வருடம் ஆகும்.

அன்றைக்குத்தான் சுருளக்கா அந்தக் கோணல் படத்தைப் பார்த்தார். அவர் அந்த வளையத்துக்குக் கம்பி சுற்றிய நாளில், மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. கடைசி ஒரு சாண் நீளத்தை நெருக்கமில்லாமல் அவசரமாகச் சுற்றிவிட்டு ஓடினார். கோணல் இருந்தது அதே பக்கம்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். தையல்காரரான அவர் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, “பேசாம இரு. பழி கண்ணாடி மேல போகட்டும்” என்று சீண்டினார்.

“பாவம்ங்க. அதுக்கு வாயில்ல.”

“அப்ப உனக்கு இருக்கே, போய்ச் சொல்லு.”

மறுநாள் காலை தலைமை விஞ்ஞானியிடம் சொன்னார். அந்த அம்மா, “வளையத்தில் அந்தப் பாதிக்கு மட்டும் கரண்ட்டைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா?” என்றார்.

கூட்டினார்கள். கோணல் பாதியாகக் குறைந்தது.

கோளாறு வளையத்தில்தான் என்று உறுதியானதும், அதைச் சரிசெய்யக் குழாயைத் திறந்து மூட ஆறு வாரம் பிடித்தது. சுருளக்கா ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே புதிதாகச் சுற்றினார். ஒளியை முழுதாகக் கூட்டியபோது திரையில் வட்டம் வட்டமாகவே நின்றது.

பதினோராம் நாள் மதியம் தலைமை விஞ்ஞானி பட்டறைக்கு ஓடிவந்தார். “ஒரு அலை மாட்டிருச்சு! நல்லாத் தெளிவா!”

“எவ்ளோ நாளா வந்துட்டு இருந்துச்சாம் மேடம்?”

“நூறு கோடி வருஷம்.”

“அப்ப நம்ம ஆறு வாரம் லேட்டானதுக்கு அது ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றார் சுருளக்கா.