அத்தான் போட்ட காவல்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அதே கடையின் பாதியில் நான் ஜெராக்ஸ் மெஷின் ஓட்டுகிறேன். நடுவில் ஒரு கண்ணாடி அலமாரிதான் தடுப்பு. உடைந்த திரையை மாற்றுவதில் அத்தான் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. பெற்றவர்கள் பிள்ளைகளின் போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாதபடி அதில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுப்பார். அதற்குப் பிறகு பிள்ளைக்கு வருவது, பிள்ளை அனுப்புவது எல்லாம் அப்பாவின் போனிலும் தெரியும். ஏதோ புண்ணிய காரியம் செய்கிற நினைப்பு அவருக்கு. ‘காவல்காரர்’ என்று தெருவே கூப்பிட ஆரம்பித்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினாறு வயதான சொந்த மகளின் போனிலும் அதைப் போட்டிருந்தார். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை, அந்த ஆத்திரம் எனக்கு என் மேலேயே உண்டு.

அவளுக்கு நாலு தோழிகள். ஐந்து பேருக்கும் ஒரு குரூப், பொழுதன்னைக்கும் அரட்டை. அத்தான் டீ குடித்துக்கொண்டே அதைப் படிப்பார், சிரிப்பார், எனக்கும் வாசித்துக் காட்டுவார். ஒருநாள் ஒரு தோழி, தன் அப்பா பெல்ட்டால் அடிப்பதாகவும், படிப்பு முடிந்ததும் வீட்டைவிட்டே போய்விடப் போவதாகவும் எழுதியிருந்தாள். அந்த அப்பா கடைக்குப் பழைய வாடிக்கையாளர். “என் பொண்ணுக்கு என்கிட்ட பயம் இருக்கு” என்று செயலி வேண்டாம் என்றவர். அத்தான் உடனே அவருக்குப் போன் போட்டு, அந்தப் பெண் எழுதியதை வரிக்கு வரி வாசித்தார். அடிக்கிறவனிடமே போய் வாசித்தார். நான் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தேன்.

“உனக்கென்ன தெரியும், நீ பிள்ளை பெத்தவளா?” என்று ஒரே போடாகப் போட்டார்.

அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது முழுக்கைச் சட்டை போட்டிருந்தாளாம். தகவல் யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை அடிக்கும்போதே அவள் அப்பா சொல்லிவிட்டிருக்கிறார். நாலு பேரும் சேர்ந்து எங்கள் பெண்ணைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரவும் ஆளில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தாள். அத்தான் பிரித்துப் போட்ட ஒரு போனின் போர்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், பழக்கதோஷத்தில், “என்னங்க ப்ராப்ளம்?” என்றார்.

“போன்ல ஒண்ணும் இல்லப்பா. நீங்களே வெச்சுக்கோங்க. என்கூடப் பேச இனிமே இதுல யாரும் இல்ல.”

அவள் படியிறங்கிப் போனாள். அத்தான் பின்னால் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் தன் போனைத் திறந்து, செயலியில் மகளின் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஐந்து நாளாக ஒரு வரிகூட இல்லை.

“அப்பாடா,” என்றார் என்னிடம். “இப்பத்தான் நிம்மதியா இருக்கு.”